பௌத்திரம்: எந்த அறுவைச் சிகிச்சை யாருக்கு?

பௌத்திரம் என்று மருத்துவர் சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இதற்கு எந்த ஆபரேஷன் நல்லது?" என்பதுதான். தென் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டிலும், பிறகு நெடுங்காலம் டிரஸ்ஸிங் அறையிலும் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்றும் கல்யாண வீட்டில், கோயில் பிராகாரத்தில் யாராவது என்னைத் தனியே அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு இதைக் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது: ஆபரேஷனின் பெயர் இருக்கட்டும், உங்கள் புரை, அதாவது ஆசனவாய்க்கு உள்ளிருந்து தோல் வரை ஓடும் சீழ்க்குழாய், எந்தத் தசையை, எவ்வளவு துளைத்துக்கொண்டு போகிறது என்பதை முதலில் கேட்டு வாருங்கள். அது தெரிந்துவிட்டால் பாதிப் பட்டியல் தானாகவே கழிந்துவிடும்.

ஆசனவாயின் விளிம்பிலிருந்து சுமார் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே சிறு சுரப்பிகள் வட்டமாக அமைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று அடைபட்டுச் சீழ் பிடிக்கிறது. அந்தச் சீழ் தசைகளுக்கு இடையே வழி தேடிக்கொண்டு தோலுக்கு வந்து, கட்டியாக வீங்கி உடைகிறது. அல்லது மருத்துவர் கீறி விடுகிறார். பலருக்கு அத்தோடு ஆறிவிடும். மூன்றில் ஒருவருக்கு, சில கணக்குகளின்படி பாதிப் பேருக்கு, சீழ் புறப்பட்ட இடத்தில் உள்ள துளை, அதாவது உள்துளை, மூடாமல் புரையோடிப் போகிறது. இதுதான் பௌத்திரம். அதன் பிறகு ஒரே சுற்றுதான்: கொப்புளம் மூடிக்கொள்ளும், வீங்கும், உட்கார முடியாமல் வலிக்கும், உடைந்து சீழ் வடியும், வலி குறையும், மறுபடி மூடும். ஆன்டிபயாடிக் மாத்திரை அந்த நேரத்துச் சீழ்ப்பிடிப்பைத் தணிக்கலாம். உள்துளையை அது அடைக்காது. மருந்துக் கடையில் அட்டை அட்டையாக வாங்கி விழுங்கிக் காலம் கடத்தாதீர்கள்.

மலத்தையும் வாயுவையும் அடக்கி வைப்பவை இரண்டு சுருக்குத்தசைகள். உட்புறத் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. தூங்கும்போதும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். வெளிப்புறத் தசையை நாமே இறுக்கலாம், தளர்த்தலாம். புரை இந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் ஓடலாம். வெளிப்புறத் தசையையும் துளைத்துக்கொண்டு போகலாம். தசை முழுவதற்கும் மேலே ஏறிச் சுற்றியும் வரலாம். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன் பார்க்ஸ் 1976-இல் வகுத்த இந்தப் பிரிவினையைத்தான் இன்றும் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் கையாளுகிறார்கள். பௌத்திர அறுவைச் சிகிச்சை எதுவானாலும் அதை இரண்டே கேள்விகளால் எடை போடலாம். நோய் திரும்பி வருமா? அடக்கும் திறன் குறையுமா? தசையைத் தாராளமாக வெட்டினால் நோய் போய்விடும், அடக்கம் குறையும். தசையைத் தொடாமல் விட்டால் அடக்கம் நிற்கும், நோய் திரும்பலாம். இந்த இரண்டில் ஒன்றைப் பற்றி மட்டும் பேசி ஓர் ஆபரேஷனை விற்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

முதலில் வரைபடம்

தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடும் எளிய புரையை அனுபவமுள்ள மருத்துவர் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். தோலின் அடியில் ஒரு கயிறு போலத் தட்டுப்படும். மற்ற எல்லோருக்கும், குறிப்பாக ஒருமுறை அறுவைச் சிகிச்சை செய்தும் திரும்ப வந்தவர்களுக்கு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அவசியம். கிளைப் புரையோ ஒளிந்திருக்கும் சீழ்ப்பையோ விட்டுப்போவதுதான் நோய் திரும்புவதற்குப் பெரிய காரணம். அதைக் காட்டிக்கொடுப்பதில் எம்.ஆர்.ஐ. கைதேர்ந்தது.

ரிப்போர்ட் கையில் வந்ததும் மருத்துவரைப் பார்க்கும் வரை பயந்துகொண்டு உட்கார வேண்டாம். அதில் மூன்று செய்திகளைத் தேடுங்கள். முதலாவது, மணிக்கணக்கு. ஆறு மணி என்று எழுதியிருந்தால் உள்துளை பின்பக்கம், முதுகெலும்பின் பக்கம் இருக்கிறது. பன்னிரண்டு மணி என்றால் முன்பக்கம். மல்லாந்து படுத்த நிலையில் ஆசனவாயைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு குறிக்கும் முறை இது. இரண்டாவது, வகை. இன்டர்ஸ்பிங்டெரிக் என்றால் புரை இரு தசைகளுக்கும் நடுவில் ஓடுகிறது. டிரான்ஸ்ஸ்பிங்டெரிக் என்றால் வெளிப்புறத் தசையையும் கடக்கிறது. மூன்றாவது, கிரேடு. ஒன்று முதல் ஐந்து வரை இருக்கும். ஒன்று எளியது. இரண்டிலும் நான்கிலும் சீழ்ப்பையோ கிளையோ உண்டு. ஐந்து என்றால் இடுப்புத்தளத் தசைக்கு மேலே போயிருக்கிறது. ஐந்தைச் சாதாரண நர்சிங் ஹோமில் செய்துகொள்ள வேண்டாம்; பெருங்குடல், மலக்குடல் அறுவைச் சிகிச்சையில் பழகிய நிபுணரைத் தேடிப் போங்கள்.

வேறு நோய் எதுவும் பின்னால் இல்லையென்று உறுதி செய்துகொள்வதும் இந்தக் கட்டத்தில்தான். நம் நாட்டில் காசநோயும் பௌத்திரமாக வெளிப்படும். க்ரோன் நோய் என்ற குடல் அழற்சி இருந்தால் சிகிச்சை முறையே மாறிவிடும். வயிற்றுப்போக்கு, உடல் இளைப்பு, மாலைக் காய்ச்சல், ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அறுவைச் சிகிச்சையின்போது புரையிலிருந்து எடுக்கும் திசுவைப் பயாப்ஸிக்கு அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் அவசரமில்லாத ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள், புகைப்பதையும் நிறுத்துங்கள்.

வெட்டித் திறந்து விடுதல்

துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் ஒரு தம்பி என்னிடம் வந்தான். "சிஸ்டர், லேசரில் செய்தால் மறுநாளே வேலைக்குப் போகலாமாமே? கடன் வாங்கியாவது செய்துவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றான். அவனுடைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். ஆறு மணியில் உள்துளை, இன்டர்ஸ்பிங்டெரிக், கிரேடு ஒன்று, கிளை இல்லை. "தம்பி, உனக்கு எதற்கு லேசர்? பெரியாஸ்பத்திரியில் திறந்து விடச் சொல்" என்றேன்.

இத்தகைய தாழ்வான எளிய புரைக்குத் திறந்து விடுவதை மிஞ்சிய சிகிச்சை இன்றுவரை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஃபிஸ்டுலாட்டமி என்று அட்டையில் எழுதுவார்கள். புரைக்குள் ஒரு கம்பியை விட்டு, அதன் மேல் கூரையை முழு நீளத்துக்கும் பிளந்து, மூடியிருந்த குழாயைத் திறந்த வாய்க்காலாக ஆக்கிவிடுகிறார்கள். சரியான ஆளுக்குச் செய்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறது. புரை கடக்கும் தசை கொஞ்சமாக, பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்குள், இருந்தால்தான் இது செய்யலாம். அதற்கு மேல் வெட்டினால் வாயுவையோ இளகிய மலத்தையோ அடக்குவது சிரமமாகலாம்.

பெண்களுக்கு முன்பக்கம், அதாவது பன்னிரண்டு மணிப் பக்கம், தசை இயல்பிலேயே குட்டையானது. பிரசவத்தில் கிழிந்து தையல் போட்டவர்களுக்கு அது மேலும் பலவீனப்பட்டிருக்கும். முன்பக்கப் புரையைப் பெண்களுக்குத் திறந்து விடுவதற்கு நிபுணர்கள் மிகவும் தயங்குவதற்குக் காரணம் இதுதான். "வாயுவை அடக்க முடிகிறதா அம்மா?" என்று நான் கேட்டால் தலையைக் குனிந்துகொள்பவர்கள் எத்தனையோ பேர். பிரசவத்திலிருந்தே கசிவு இருக்கும். கணவரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவமா, கிழிந்ததா, ஏற்கெனவே இந்தப் பகுதியில் அறுவைச் சிகிச்சை நடந்ததா என்பவற்றை வைத்தே உங்களுக்கான ஆபரேஷன் மாறும்.

இது மறைக்க வேண்டிய நோயே அல்ல. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருக்கு 1686 நவம்பரில் சார்ல்ஸ் பிரான்சுவா ஃபெலிக்ஸ் என்ற மருத்துவர் மயக்கமருந்து இல்லாமல் பௌத்திரத்தைத் திறந்து விட்டார். மன்னருக்கு வந்தது நமக்கு வந்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நூல் போடுவது

தசையை அதிகமாகக் கடக்கும் புரைக்குள் ஒரு நூலையோ மெல்லிய ரப்பர் வளையத்தையோ நுழைத்துத் தளர்வாக முடிந்து விடுவார்கள். செட்டான் என்று பெயர். தளர்வான செட்டான் எதையும் வெட்டாது. துளை மூடாமல் காத்து, சீழ் வடிந்துகொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். வீக்கம் வடிந்து புரை ஒரு நேரான குழாயாக மாற வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அடுத்த ஆபரேஷனுக்கு நிலத்தைப் பண்படுத்துவதுதான் இதன் வேலை. "நூலைப் போட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார்கள்" என்று கோபப்பட்டு, அடுத்த தேதிக்கு வராமல் போகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். க்ரோன் நோயாளிகள் சிலருக்கு இந்த நூலே நீண்டகாலத் தீர்வாகவும் இருக்கிறது.

இறுக்கிக்கொண்டே போய் மெதுவாகத் தசையை அறுக்கும் செட்டான் வேறு. அதிலும் கடைசியில் தசை அறுபடத்தான் செய்கிறது. கசிவு ஏற்படும் வாய்ப்பும் உண்டு. பல இடங்களில் இதைக் குறைத்துவிட்டார்கள்.

நம்மிடையே பலரும் கேட்பது காரநூலைப் பற்றி. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் இது உண்டு. ஆயுர்வேத முறையில் 20-ஆம் எண் லினன் நூலின் மேல் இலைக்கள்ளிப் பாலைப் பதினொரு முறை பூசி உலர்த்துகிறார்கள். பிறகு கள்ளிப்பாலும் நாயுருவிக் காரமும் ஏழு முறை, கள்ளிப்பாலும் மஞ்சள்தூளும் மூன்று முறை. மொத்தம் இருபத்தொரு பூச்சு. வாரத்துக்கு ஒருமுறை நூலை மாற்றுவார்கள்: பழைய நூலின் முடிச்சுக்குப் பக்கத்தில் புதிய நூலைக் கட்டி, பழையதை அறுத்து இழுத்தால், அது போன வழியே புதியது உள்ளே வந்துவிடும். மாற்றும் நாளில் எரிச்சல் கடுமையாகவே இருக்கும். ஒவ்வொரு வாரமும் நூலின் நீளம் குறையக் குறையப் புரை அறுபட்டு ஆறிக்கொண்டே வருகிறதென்று அர்த்தம்.

இதை வெறும் நாட்டு வைத்தியம் என்று ஒதுக்குவது நியாயமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வில், புண் ஆறக் காரநூலுக்கு எட்டு வாரமும் அறுவைச் சிகிச்சைக்கு நான்கு வாரமும் ஆயின. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது நோய் திரும்பியது காரநூல் பெற்றவர்களில் 4 சதவீதம், அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் 11 சதவீதம். வாரந்தோறும் போய்வர முடிகிறவர்களுக்கு, மயக்கமருந்து கொடுக்கத் தயங்கும் உடல்நிலை உள்ளவர்களுக்கு நல்ல வழி. ஆனால் இந்த நூலும் தசையை மெதுவாக அறுக்கவே செய்கிறது. உயரமான புரைக்கும் பெண்களின் முன்பக்கப் புரைக்கும் முன்பு சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். அரசு சித்த, ஆயுர்வேத மருத்துவமனைகளில் பட்டம் பெற்ற மருத்துவரிடம் மட்டும் செய்துகொள்ளுங்கள். "ஆபரேஷன் இல்லாமல் மூலம், பௌத்திரம் குணமாகும்" என்று பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் ஆட்களிடம் ஊசி போட்டுக்கொண்டு, சதை அழுகி வார்டுக்கு வந்தவர்களை நான் கழுவிக் கட்டியிருக்கிறேன். அந்த வேதனை யாருக்கும் வேண்டாம்.

தசையை வெட்டாத முறைகள்

லிஃப்ட் என்ற முறையை 2007-இல் பாங்காக் சுலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தின் அருண் ரோஜனசகுல் அறிமுகப்படுத்தினார். இரு தசைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குள் சிறு கீறல் வழியாக நுழைந்து, அங்கே குறுக்கே போகும் புரையைக் கண்டுபிடித்து, உள்துளைப் பக்கம் கட்டி, நடுவில் துண்டித்துவிடுகிறார்கள். தசையில் கத்தி படுவதில்லை. முதல் 18 பேரில் 17 பேருக்குக் குணமானது. பிறகு உலகம் முழுக்கச் செய்து பார்த்ததில் பத்தில் ஆறு, ஏழு பேருக்கு என்ற அளவில் நிற்கிறது. வெளிப்புறத் தசையைக் கடக்கும் புரைக்குத் தசையைக் காக்கும் முறைகளில் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான். கருவி எதுவும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை; அரசு மருத்துவமனையிலும் பழகிய நிபுணர் இருந்தால் செய்யலாம். தோற்றாலும் சிலருக்கு மீந்திருக்கும் புரை குட்டையாகி, தசைகளுக்கு நடுவில் மட்டும் நின்றுவிடும். அப்போது திறந்து விடுவது எளிதாகிறது.

லேசருக்கு வருவோம். ஃபைலாக் என்று பெயர். 2011-இல் ஜெர்மனியின் ஆர்னே வில்ஹெல்ம் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். புரைக்குள் ஒரு மெல்லிய இழையை விட்டு, சுற்றிலும் வெப்பத்தைப் பாய்ச்சிக்கொண்டே மெதுவாகப் பின்னிழுக்கிறார்கள். புரையின் சுவர் கருகிச் சுருங்குகிறது. வெளியே பெரிய புண் இல்லை, வலி குறைவு, அடக்கும் திறனுக்கும் பெரிதாகப் பாதகமில்லை. இவையெல்லாம் உண்மை. குணமாவது பத்தில் ஆறு பேருக்கு என்ற அளவில்தான் என்பதும் உண்மை. விளம்பரத்தில் முதல் பாதி மட்டும் இருக்கும். நேரான, ஒல்லியான, கிளையில்லாத, தசையை அதிகம் கடக்கும் புரைக்கு லேசரைக் கேட்பதில் அர்த்தம் உண்டு. அந்தத் துணிக்கடைத் தம்பியின் புரைக்கு, ஒன்பது பேருக்குப் பலிப்பதை விட்டுவிட்டு ஆறு பேருக்குப் பலிப்பதைக் கடன் வாங்கிச் செய்துகொள்வதில் என்ன அர்த்தம்?

வாஃப்ட் என்பது கேமரா வைத்த குழாயைப் புரைக்குள் செலுத்தி, கிளைகளைக் கண்ணால் பார்த்துச் சுட்டுவிடும் முறை. இத்தாலியின் பியர்கார்லோ மெய்னெரோ கொண்டுவந்தது. கிளை விட்ட புரைக்குப் பயன்படும். கருவி எல்லா இடத்திலும் கிடைக்காது.

குடலின் உட்சுவரில் ஒரு மடிப்பை எடுத்து இழுத்து உள்துளையின் மேல் மூடித் தைப்பது மற்றொரு வழி. செய்கிறவரின் கைத்திறனைப் பெரிதும் சார்ந்தது. உயரமான புரைக்கும், முன்பக்கப் புரையுள்ள பெண்களுக்கும் இதை யோசிப்பார்கள்.

ட்ரோபிஸ் என்பது நம் நாட்டு அறுவைச் சிகிச்சை மருத்துவர் பங்கஜ் கர்க் 2017-இல் வெளியிட்ட முறை: வெளிப்புறத் தசையைத் தொடாமல், தசைகளுக்கு நடுவில் இருக்கும் சீழ்ப்பகுதியை ஆசனவாய்க்கு உள்ளிருந்தே திறந்து விடுவது. சிக்கலான புரைகளிலும் நல்ல பலன் வந்ததாக அவர் குழு எழுதியிருக்கிறது. பழகிய நிபுணர் கிடைத்தால் கேளுங்கள்.

புரைக்குள் பசை ஊற்றி அடைப்பது, செருகல் என்ற அடைப்பானை வைத்து அடைப்பது ஆகியவற்றைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. செருகலை பிரிட்டனில் 304 பேரிடம் சோதித்தார்கள். ஓராண்டு முடிவில் செருகல் வைத்தவர்களில் 54 சதவீதமும், நிபுணர் விரும்பிய மற்ற முறைகளில் 55 சதவீதமும் குணமானார்கள். அத்தனை விலை கொடுக்கும் அளவுக்கு அதில் ஆதாயம் தெரியவில்லை.

மருத்துவர் முன் உட்காரும்போது

இவற்றைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்: என் புரை எவ்வளவு தசையைக் கடக்கிறது? நீங்கள் சொல்லும் முறையில் எவ்வளவு தசை வெட்டுப்படும்? என்னைப் போன்ற வகைக்கு உங்கள் கையில் எத்தனை பேருக்குத் திரும்ப வந்திருக்கிறது? வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? மயக்கம் கொடுத்த பிறகு உள்ளே வேறு மாதிரி இருந்தால் திட்டத்தை மாற்றுவீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். ஸ்கேனில் தெரியாத கிளை மேசையில் தெரியலாம். நூல் மட்டும் போட்டுவிட்டு வெளியே வருவதே அன்றைக்குச் சரியான முடிவாக இருக்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், மருத்துவர் குறித்துக்கொடுத்த முறைக்கு அது செல்லுமா என்று சேருவதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புண்ணை ஆற்றுவது

இதுதான் என் தொழில், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். திறந்து விட்ட புண்ணைத் தைப்பதில்லை. அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும். அடி ஆறுவதற்கு முன் மேல் விளிம்புகள் இரண்டும் ஒட்டிக்கொண்டால் உள்ளே மறுபடி குழாய்தான். டிரஸ்ஸிங் அறையில் நான் முதலில் பார்ப்பது இந்த ஒட்டலைத்தான். வெளியே அழகாக மூடியிருக்கும். கையுறை போட்ட விரலை அடிவரை மெதுவாக ஓட்டினால் பாலம் போலத் தடுக்கும், அதை விலக்கினால் இரண்டு சொட்டுச் சீழ் வரும். "ஆறிவிட்டது, இனி வர வேண்டாம் என்று நினைத்தேன் சிஸ்டர்" என்பார்கள். அதனால்தான் புண் முழுதும் மூடும் வரை வாரம் ஒருமுறையாவது காட்டச் சொல்கிறேன்.

வீட்டில் தினம் இரண்டு, மூன்று முறை, மலம் கழித்த பிறகு கட்டாயமாக, அகலமான பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் உட்காருங்கள். கை பொறுக்கும் சூடு போதும். கொதிக்கக் கொதிக்க உட்கார்ந்து தோலைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. டெட்டால் ஊற்றாதீர்கள், எரியும். பிறகு ஒற்றித் துடைத்து, சலைனில் நனைத்த காஸ் துணியைப் புண்ணின் அடியைத் தொடும்படி தளர்வாக வையுங்கள், திணிக்கக் கூடாது. வெளியே சானிட்டரி நாப்கின் வைத்துக்கொண்டால் ஆண்களுக்கும் வசதி. இசப்கோலைத் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு, கீரை, வாழைத்தண்டு, கொய்யாப்பழம் சேர்த்துக்கொள்ளுங்கள். மலம் இளகியிருக்க வேண்டும், தண்ணீராகப் போகக் கூடாது. மருத்துவர் சொல்லும் வரை இருசக்கர வாகனம் வேண்டாம். மஞ்சள், களிம்பு, பொடி எதையும் புண்ணில் அப்பாதீர்கள்.

முதுகில் ஊசி போட்டு மயக்கம் கொடுத்திருந்தால் முதல் இரவு சிறுநீர் வராமல் போகலாம். வயிறு உப்பும்வரை காத்திருக்காமல் செவிலியரைக் கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போன பின் காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, நிற்காத இரத்தம் இருந்தால் உடனே திரும்பி வாருங்கள். சர்க்கரை நோயாளிக்குப் புண்ணைச் சுற்றித் தோல் கறுத்துப் பரவினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு.

லேசர், லிஃப்ட் செய்துகொண்டவர்களுக்கு வெளியே புண் சிறியது என்பதால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது என்று தோன்றும். ஆறு மாதமாவது பார்த்த பிறகே தீர்மானிக்க முடியும். சீழ்க் கசிவு தொடர்ந்தாலும் இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்காமல் அடுத்த ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று அட்டையில் உள்துளை எந்த மணியில் இருந்தது, புரை எந்த வகை, தசை எவ்வளவு வெட்டப்பட்டது, நூல் இருந்தால் எது, பயாப்ஸி அனுப்பினார்களா என்ற ஐந்தும் இருக்கிறதா என்று படிக்கச் சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்ட பிறகே படுக்கையைக் காலி செய்யுங்கள். பயாப்ஸி முடிவு வந்ததும் அதையும் ஸ்கேன் தகட்டையும் அந்த அட்டையோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்; பின்னால் எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் காட்ட நேர்ந்தாலும் அவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.